மனுவும் திட்டமும்

(சங்கத்தின் வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் பயிற்சி வகுப்பில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளிவிழா என்றால் கடந்து வந்த வழியைப் புகழ்ந்து பேசுவது வழக்கம். அப்பணியை நம்மினும் சிறப்பாகச் செய்யக்கூடிய பெரியோர்கள் இம்மேடையில் உள்ளனர். நமக்கு இடப்பட்ட தலைப்பு எளியது, ஆனால் இன்றியமையாதது. ஒரு பணியைத் தொடங்கு முன் அதற்கான திட்டத் தொடக்க ஆவணத்தை எழுதி, நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெறுவது எவ்வாறு என்பதே அது. கேட்பதற்கு வறண்ட பொருளாகத் தோன்றலாம். ஆயினும் சென்ற ஆண்டு நம் சங்கத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்ந்தால் அதன் அருமை விளங்கும்.

நம் காலனி இளைஞர்கள் ஐவர், மாலை நேரப் படிப்பகம் ஒன்றை அமைக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவிடம் ஒரு தாள் கொடுத்தனர். ஒரே பக்கம். 'நம் பிள்ளைகள் படிக்க இடமின்றி வாடுகின்றனர். ஆதலால் பெரியோர்கள் மனமிரங்கி ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கி ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்' என்பது அதன் சாரம். குழு அதனை நிலுவையில் வைத்தது. இளைஞர்கள் மனம் நொந்தனர். 'அரசு அலுவலகத்தில்தான் நம்மை அலைக்கழிக்கிறார்கள் என்றால், நம்மவர்களுமா?' என்று ஒரு தம்பி நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவருக்கு அன்று சொன்ன விடையைத்தான் இன்று விரித்துக் கூறப் போகிறோம்.

தலைமுறை தலைமுறையாக நமக்குப் பழக்கப்பட்ட எழுத்து ஒன்றே ஒன்று, அது மனு. பட்டாவுக்கு மனு, குடிநீருக்கு மனு, சுடுகாட்டுப் பாதைக்கு மனு. மனு என்பது நம் துன்பத்தைச் சொல்லி மற்றவர் இரக்கத்தைக் கேட்பது. திட்டம் என்பது நாம் செய்யப் போவதைச் சொல்லி மற்றவர் முடிவைக் கேட்பது. மனுவைப் படிப்பவர் பரிதாபப்படலாம், படாமலும் போகலாம். திட்டத்தைப் படிப்பவர் ஆம் என்றோ இல்லை என்றோ காரணத்துடன் சொல்லியாக வேண்டும். அந்த ஐந்து தம்பிகள் எழுதியது மனு. குழுவுக்குத் தேவைப்பட்டது திட்டம்.

நிர்வாகக் குழுவுக்கு ஏன் அது தேவை? சங்கத்தின் பணம் யாருடையது என்று எண்ணிப் பாருங்கள். துப்புரவுப் பணியாளரும், கட்டட வேலைக்குச் செல்லும் சித்தாளும், நடவுக் கூலியும் மாதந்தோறும் தந்த சந்தா அது. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற சங்கம், அப்பணத்திற்குத் தணிக்கையுடன் கணக்குக் காட்டக் கடமைப்பட்டது. சட்டம் கேட்கிறது என்பதற்காக மட்டுமன்று. அந்தச் சித்தாள் அம்மையார் பொதுக்குழுவில் எழுந்து 'என் காசு எங்கே போயிற்று?' என்று கேட்டால் விடை இருக்க வேண்டும் என்பதற்காகவும்தான்.

ஏட்டில் எழுதுவதால் என்ன ஆகும் என்று சிலர் ஏளனம் செய்வர். நம் வரலாற்றிலிருந்தே இரு சான்றுகள் தருவோம்.

1891-இல் செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், அம்மாவட்டத்தில் வாழ்ந்த நம் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கையைச் சென்னை அரசுக்கு அளித்தார். நம் முன்னோரின் குடியிருப்பு, கடன், பண்ணையடிமை முறை, கல்வியின்மை ஆகியவற்றை அதில் விவரித்தார். தரிசு நிலம் கேட்டு விண்ணப்பித்தாலும் மிராசுதாரருக்கு முன்னுரிமை அளித்த விதிகள் எவ்வாறு தடையாக நின்றன என்பதையும் காட்டினார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் சொல்லும் நிலங்கள், சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர், அவ்வழியில் ஒதுக்கப்பட்டன. உண்மைகளை வரிசைப்படுத்தி, தடையைச் சுட்டி, தீர்வையும் சொன்ன ஓர் அறிக்கையின் ஆற்றல் அத்தகையது.

ஆனால் அந்நிலங்கள் இன்று யார் கையில் உள்ளன? பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அதன் பின்னரும் நம் மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனை இருந்தது. அதனைக் கண்காணிக்கும் ஏற்பாடு வலுவாக இல்லை. ஊர்க் கணக்கோ பெரும்பாலும் நிலம் படைத்தோர் சார்பினர் கையில் இருந்தது. நிலம் கைமாறிற்று. 1994 அக்டோபரில் செங்கற்பட்டை அடுத்த காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது ஜான் தாமஸ், ஏழுமலை என்ற நம் இளைஞர் இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாயினர். நல்ல நோக்கம் உண்டு, ஆணை உண்டு, நிபந்தனையும் உண்டு. காப்பதற்குப் பொறுப்பானவர் இல்லை. இப்பாடத்தை மறவாதீர்கள். மீண்டும் இதற்கு வருவோம்.

இரண்டாவது சான்று அண்ணல் அம்பேத்கர். வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1942 அக்டோபர் 29 அன்று பட்டியல் சாதியினரின் குறைகள் பற்றி ஓர் அறிக்கையை வைசிராயிடம் அளித்தார். அரசியல் குறைகள், கல்விக் குறைகள், பிற குறைகள் எனப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் அரசு செய்ய வேண்டியது இன்னது என்று எழுதினார். 1943-இல் மத்திய அரசுப் பணிகளில் 8⅓ விழுக்காடு இடஒதுக்கீடு ஆணையிடப்பட்டது. மெட்ரிகுலேஷனுக்குப் பிந்தைய படிப்புக்கான உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. இந்த அவையில் கல்லூரி கண்டவர்களில் அவ்வுதவித்தொகையைத் தொடாதவர் எத்தனை பேர்? நாம் பி.ஏ. படித்ததும் அதனால்தான்.

இனி, ஆவணம் எழுதும் முறைக்கு வருவோம். திட்டத் தொடக்க ஆவணம் என்ற பெயர், பிரிட்டன் அரசின் கணினித் துறை அமைப்பு 1989-இல் வகுத்து, 1996-இல் திருத்தி எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக்கிய 'பிரின்ஸ்' என்னும் திட்ட மேலாண்மை முறையால் பரவியது. பெரிய பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா. அது கேட்கும் கேள்விகள் ஆறு: ஏன், என்ன, யார், எவ்வாறு, எப்போது, எவ்வளவு. அதன் பயன் மூன்று. முதலாவது, நிர்வாகம் பெரும் பணத்தை ஒப்படைக்கு முன் அடித்தளம் உறுதியானதா என்று காண்பது. இரண்டாவது, பணி நடக்கையில் சொன்னபடி நடக்கிறதா என்று அளக்கும் கோலாக நிற்பது. மூன்றாவது, இடையில் வந்து சேர்பவர் படித்து அறியும் ஒரே ஏடாக விளங்குவது. நம் படிப்பகத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் 'ஏன்'. 'பிள்ளைகள் வாடுகின்றனர்' என்பது உணர்ச்சி. குழு எடை போட அதில் ஒன்றும் இல்லை. வீடு வீடாகச் சென்று எண்ணுங்கள். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எத்தனை பேர்? அவர்களில் ஒற்றை அறை வீட்டில் இருப்பவர் எத்தனை பேர்? இதற்கு வேண்டுவது ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு மாலைப் பொழுதுகளும். அடுத்து, மாற்று வழிகளை ஒப்பிடுங்கள். ஒன்றும் செய்யாதிருந்தால் என்ன ஆகும்? சிறிதளவு செய்தால், அதாவது மன்றத்தை மாலையில் திறந்து விளக்கு மட்டும் போட்டால், என்ன ஆகும்? முழுமையாகச் செய்தால் என்ன ஆகும்? மூன்றையும் எழுதி, நீங்கள் ஒன்றைத் தேர்ந்ததற்குக் காரணம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் குழுவில் ஒருவர் கட்டாயம் கேட்பார்.

இரண்டாவது 'என்ன'. செய்யப் போவதை எழுதுவது எளிது. செய்யப் போகாததை எழுதுவதே அரிது. 40 மாணவர், வாரம் ஐந்து நாள், ஆண்டில் பத்து மாதம், கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தரப்படும் என்று எழுதினால், 'போட்டித் தேர்வுப் பயிற்சி இதில் அடங்காது. கணினி வகுப்பு அடங்காது' என்றும் எழுதுங்கள். இல்லையேல் ஆறாம் மாதத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை எதிர்பார்த்து, எல்லோரும் ஏமாந்ததாகக் குறை கூறுவர். எது நடந்தால் வெற்றி என்பதையும் முன்னரே எழுதுக. 'மாணவர் முன்னேறுவர்' என்பது அளவுகோல் ஆகாது. 'பதிவு செய்த 40 பேரில் 32 பேராவது மாதத்தில் முக்கால் பங்கு நாள் வருகை தருவர்' என்பது அளவுகோல்.

மூன்றாவது 'யார்'. 'இளைஞர் அணி பொறுப்பேற்கும்' என்று எழுதாதீர்கள். எல்லாருடைய பொறுப்பும் யாருடைய பொறுப்பும் அன்று. நிர்வாகக் குழுவின் சார்பில் ஒருவர், அன்றாடம் நடத்துபவர் ஒருவர், சொல்லித் தரும் ஆசிரியர் இருவர், அவர்களில் ஒருவர் வரவில்லையாயின் மாற்றாக வருபவர் ஒருவர் என்று பெயர் குறித்து எழுதி, அவரவர் இசைவையும் கையெழுத்தாகப் பெறுங்கள். பயன்பெறுவோர் சார்பில் ஒரு தாயும் ஒரு மாணவியும் அவ்வமைப்பில் இருக்கட்டும். அதன் காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

நான்காவது 'எவ்வாறு', ஐந்தாவது 'எப்போது'. இவை இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. பள்ளி ஜூனில் திறக்கிறது. பொதுத் தேர்வு மார்ச்சில் தொடங்குகிறது. பணியைக் கட்டங்களாகப் பிரியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் இடமும் பெஞ்சும் ஆயத்தம். ஜூன் முதல் செப்டம்பர் வரை முதற்கட்டம். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் குழு கூடி, தொடர்வதா, மாற்றுவதா, நிறுத்துவதா என்று முடிவு செய்யும். அதன் பின்னரே அடுத்த கட்டப் பணம். இதனால் குழுவுக்கு அச்சம் குறையும். மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் பணயம் வைக்க எந்த நிர்வாகமும் தயங்கும். ஒரு கட்டத்திற்கு ஒப்புவது அத்துணைக் கடினமன்று.

ஆறாவது 'எவ்வளவு'. தம்பிகள் எழுதிய 'ஏறத்தாழ ஒரு லட்சம்' என்பதைக் கூட்டிப் பார்ப்போம். ஒருமுறைச் செலவு: பெஞ்சு 10, ஒன்று 3,500 ரூபாய் வீதம் 35,000, விளக்கும் மின்விசிறியும் 12,000, புத்தகம் 15,000, ஆக 62,000. தொடர் செலவு: ஆசிரியர் இருவருக்கு மாதம் 4,000 வீதம் பத்து மாதத்திற்கு 80,000, சுண்டல் தலைக்கு 10 ரூபாய் வீதம் 40 பேருக்கு, மாதம் 22 நாள், பத்து மாதத்திற்கு 88,000, மின்கட்டணம் மாதம் 600 வீதம் 6,000, ஆக 1,74,000. இரண்டும் சேர்ந்து 2,36,000. எதிர்பாராச் செலவுக்கு நூற்றுக்குப் பத்து, அதாவது 23,600 சேர்த்தால் 2,59,600. ஒரு லட்சத்திற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்! ஒரு லட்சம் கொடுத்திருந்தால் படிப்பகம் அரையாண்டுத் தேர்வுக்கு முன்னரே பூட்டப்பட்டிருக்கும். இரண்டாம் ஆண்டிலும் 1,74,000 வேண்டும்; அது எங்கிருந்து வரும் என்பதையும் இப்போதே எழுத வேண்டும். மாணவர் ஒருவருக்கு ஆண்டுத் தொடர் செலவு 4,350 ரூபாய் என்று வகுத்துக் காட்டினால், நன்கொடையாளரிடம் 'ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று தலைநிமிர்ந்து கேட்கலாம். பெஞ்சுக்கு மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கி இணைத்துவிடுங்கள்.

இவ்வாறுக்குமேல் இரண்டு உண்டு. ஒன்று இடர், மற்றொன்று கட்டுப்பாடு.

இடர் என்பது, எது தவறிப் போகலாம் என்று முன்கூட்டியே அஞ்சுவது. அஞ்சுவதில் இழிவில்லை, எழுதி வைக்காமையே இழிவு. தம்பிகளின் தாள் நிலுவையானதற்கு உண்மைக் காரணம் பணமன்று. குழுவில் இருந்த ஓர் அம்மையார், பள்ளிக்கூடம் காணாதவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'படிப்பு எட்டரைக்கு முடியும் என்கிறீர்கள், தம்பி. பெண் பிள்ளைகள் அந்த இருட்டில் ஊர்த் தெரு வழியாக எப்படி வீடு திரும்பும்?' யாரிடமும் விடை இல்லை. பட்டம் பெற்ற நமக்கும் அக்கேள்வி தோன்றவில்லை. பயன்பெறுவோரின் சார்பாளர் அமைப்பில் இருக்க வேண்டும் என்று முன்பு கூறியது இதற்காகத்தான். ஒவ்வோர் இடருக்கும் எதிரே, அதனைத் தடுக்கும் வழியும் பொறுப்பாளர் பெயரும் இருக்க வேண்டும்.

கட்டுப்பாடு என்பது, சொன்னபடி நடக்கிறதா என்று யார், எப்போது பார்ப்பது என்பது. மாதந்தோறும் ஒரு பக்க அறிக்கை போதும்: வருகை, செலவு, சிக்கல். நடத்துபவருக்கு ஒரு வரம்பும் கொடுங்கள். செலவு நூற்றுக்கு ஐந்து வரை கூடினால் அவரே முடிவு செய்யலாம்; அதற்கு மேல் போனால் உடனே குழுவிடம் வர வேண்டும். இவ்வரம்பு இருந்தால் சாக்குக்கட்டிக்குக் கூட்டம் போட வேண்டியதில்லை. பெருந்தவறு மறைந்து கிடக்கவும் வழியில்லை. பஞ்சமி நிலத்தின் கதையில் இல்லாது போனது இந்தப் பகுதிதான்.

எழுதி முடித்ததும் ஒப்புதல் பெறும் முறை. கூட்டத்திற்கு ஒரு வாரம் முன்னரே உறுப்பினர்க்குப் படி கொடுங்கள். முதற்பக்கத்தில் சுருக்கமும், குழுவிடம் கேட்கும் முடிவும் இருக்கட்டும். தீர்மான வாசகத்தை நீங்களே எழுதித் தாருங்கள். திருத்தம் சொன்னால் திருத்தி, எத்தனையாவது திருத்தம், எந்த நாள் என்று மேலே குறியுங்கள். நிறைவேறிய தீர்மானம் மினிட் புத்தகத்தில் ஏறி, தலைவரும் செயலாளரும் ஒப்பமிட்ட பின்னரே ஒரு ரூபாயும் செலவாக வேண்டும். ஒப்புதலுக்குப் பின் அந்த ஏட்டை இரகசியமாக மாற்றாதீர்கள். மாற்றம் வேண்டுமாயின் மீண்டும் குழுவிடம் வாருங்கள். தமிழில் எழுதுங்கள். எங்கிருந்தோ எடுத்த ஆங்கிலப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால், கையெழுத்திடுபவருக்கே புரியாது. புரியாத கையெழுத்து பொறுப்பேற்பதில்லை.

இத்தனையும் சொல்லும் நாமே தவறியதுண்டு. தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற முதற் பள்ளியில், மாணவியர் கழிப்பறைக்காக ஒரு கருத்துரு அனுப்பினோம். உருக்கமாக எழுதியிருந்தோம். நிலத்தின் புல வரைபடத்தை இணைக்க மறந்தோம். 'குறைகளை நிவர்த்தி செய்து மீள அனுப்புக' என்று அது திரும்பி வந்தது. வரைபடம் பெற்று, மதிப்பீடு புதுப்பித்து, மீண்டும் வரிசையில் நின்று அனுமதி பெற இரண்டாண்டுகள் ஆயின. அவ்விரண்டு ஆண்டுகளில் வயதுக்கு வந்த மூன்று மாணவியர் படிப்பை நிறுத்தினர். கழிப்பறை ஒன்றே காரணம் என்று அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும் அம்மூவரின் பெயர்களை நாம் மறக்கவில்லை. இணைக்க மறந்த ஒரு தாளின் விலை என்ன என்பதை அன்று கற்றோம்.

நிர்வாகக் குழுப் பெரியோர்களுக்கும் ஒரு சொல். நாமும் அக்குழுவில் ஒருவர் ஆதலின் உரிமையுடன் கூறுகிறோம். அன்று நாம் 'நிலுவை' என்று மட்டும் எழுதி அனுப்பியது தவறு. எது குறை என்று எழுத்தில் சொல்லாத மறுப்பு, நம்மை வாயிலில் நிறுத்திய அலுவலகங்களின் பழக்கத்தை நாமே மேற்கொள்வதாகும். திட்டம் வந்தால் முப்பது நாளுக்குள் காரணத்துடன் விடை தருவோம் என்று குழுவும் உறுதி பூண வேண்டும். அவ்வாறே, வேண்டியவர் மகன் கொண்டு வந்தான் என்பதற்காக ஏட்டைப் படிக்காமல் ஒப்பமிடுவதும் தீது. இரண்டும் சந்தா கொடுத்தவர்க்குச் செய்யும் துரோகம்.

அந்தத் தம்பிகள் என்ன செய்தனர் என்று கேட்பீர்கள். மூன்று வாரம் கழித்து ஒன்பது பக்க ஆவணத்துடன் வந்தனர். வீடு வீடாக எடுத்த கணக்கு இருந்தது. நேரத்தை ஏழரைக்குக் குறைத்திருந்தனர். எந்தெந்தத் தெருப் பெண் பிள்ளைகளை எந்தெந்தத் தாய்மார் அழைத்துச் செல்வர் என்று பட்டியல் இருந்தது; அதில் முதற்பெயர் கேள்வி கேட்ட அந்த அம்மையாருடையது. குழு ஒப்புதல் தந்தது. இரண்டாம் மாதத்தில் கணக்கு ஆசிரியர் வெளியூரில் வேலை கிடைத்துச் சென்றுவிட்டார். மாற்று ஆசிரியர் பெயர் ஆவணத்தில் இருந்தது. மறுநாள் மாலை அவர் வந்து நின்றார். படிப்பகம் ஒரு நாளும் மூடப்படவில்லை.

இளைஞர்களே! நம் பாட்டனார் கைநாட்டு வைத்தார். தந்தையார் மற்றவரைக் கொண்டு மனு எழுதினார். நீங்கள் திட்டம் எழுதுங்கள். வரும் பொதுக்குழுவுக்கு முன், உங்கள் தெருவுக்குத் தேவையான ஒரு பணியைத் தேர்ந்து, இந்த ஆறு கேள்விகளுக்கும் விடை எழுதி, இடரும் கட்டுப்பாடும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். ஞாயிறு காலைகளில் நாம் சங்க மன்றத்தில் இருப்போம். சிவப்பு மையுடன் காத்திருப்போம்.